இரு நகரங்கள் தந்த பாடம்

வீட்டார் அனைவரும் கூடியிருந்து கேட்கும் வேளையிலே சில பொருள்களைப் பற்றிப் பேசுதல் தகாது என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் பெரும்பாலும் நன்றே. ஆயினும், நாம் பேசாதிருப்பதனாலேயே ஒரு நோய் வளருமாயின், அந்த மௌனத்தை நாகரிகம் என்று சொல்லுதல் இயலாது. எச்.ஐ.வி. என்னும் கிருமியும் அதனால் விளையும் எயிட்ஸ் நோயும் அத்தகையன. பாலியல் தொழில் செய்யும் பெண்களை நாம் நடத்தும் முறைக்கும், அந்நோய் பரவுவதற்கும் உள்ள தொடர்பு யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிலே, இவர்களை எப்பெயரால் அழைப்பது என்பதைப் பார்ப்போம். பரத்தை, விலைமகள் என்று பழைய பெயர்கள் பல உள. திருவள்ளுவரும் 'வரைவின் மகளிர்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அப்பெண்களை அவர் கடிந்தே பேசுகிறார். எனினும், அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்போர், அங்கே அறிவுரை கூறப்படுவது அவர்களை நாடிச் செல்லும் ஆடவனுக்கே என்பதைக் காண்பர். பின்வந்த நாமோ அந்த ஆடவனை மறந்துவிட்டோம். பழி முழுவதையும் பெண்ணின் தலைமேல் ஏற்றிவைத்தோம். இக்காலத்திலே 'பாலியல் தொழிலாளர்' என்ற பெயர் வழங்குகின்றது. அப்பெயர் எவரையும் புகழவுமில்லை, இகழவுமில்லை. ஒருவர் எதனாற் பிழைக்கிறார் என்பதை மட்டும் கூறுகின்றது. ஆகவே அதனையே நானும் கொள்கிறேன்.

இனி, இரு நகரங்களின் வரலாற்றைக் கேளுங்கள்.

முதல் நகரம் சென்னை. 1986 ஆம் ஆண்டு வரை, எயிட்ஸ் என்பது மேனாட்டார் நோய், நம் ஒழுக்கமுடைய நாட்டை அது அணுகாது என்றே இந்தியாவிற் பலர் நம்பியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியிலே நுண்ணுயிரியற் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற மாணவி நிர்மலாவும் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். பொலிசாரால் பிடிக்கப்பட்டுக் காப்பகத்திலே வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தம் எடுக்கப்பட்டது. வேலூரிலே நடந்த சோதனையில் அவருட் சிலருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவிலே இந்நோய்க் கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது இவ்வாறே. விஞ்ஞானத்தின் நோக்கில் இது பெருஞ் சாதனை. இதனாலேயே பல்லாயிரவர் உயிரைக் காக்கும் முயற்சி உரிய காலத்தில் தொடங்கிற்று. டாக்டர் சுனிதி சாலமன் 2015 இல் மறையும் வரை நோயாளரின் பக்கத்தில் நின்று தொண்டாற்றினார் என்பதும் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

ஆனால், இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களின் கதி என்ன? எதற்காகத் தம் இரத்தம் எடுக்கப்படுகின்றது என்பதையே அவர்கள் அறியார். கிருமி உண்டு என்று தெரிந்த பின்னர், விடுதலைக்குரிய காலம் வந்தும் அவர்களுட் பலருக்குக் கதவு திறக்கப்படவில்லை. அவர்கள் வெளியே வந்தால் நோய் பரவும் என்றனர் அதிகாரிகள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அவர்கள் பொருட்டு வழக்காடினார்; உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்கள் வெளியுலகைக் கண்டனர். அவர்களிடம் சென்று திரும்பிய ஆடவரை எவரும் தேடவுமில்லை, அடைத்து வைக்கவுமில்லை. அவ்வாடவர் தத்தம் இல்லங்களுக்குப் போயினர். நோய் அவர்களோடு போயிற்று. வெளியிலிருந்த பெண்களோ, சோதனைக்குச் சென்றால் சிறை கிட்டும் என்பதைக் கற்றுக்கொண்டனர். அச்சம் வைத்தியசாலையின் வாயிலிலே காவலாளியாக நின்றால், உள்ளே எவர் நுழைவர்?

இரண்டாவது நகரம் கொல்கத்தா. அங்கே சோனாகாச்சி என்னும் பகுதியிலே பல்லாயிரம் பெண்கள் இத்தொழிலைச் செய்து வாழ்கின்றனர். 1992 இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா என்ற பொதுச் சுகாதார வைத்தியர் அங்கே சென்றார். தடியோடும் செல்லவில்லை, உபதேசத்தோடும் செல்லவில்லை. அப்பெண்களுட் சிலரையே தெரிந்தெடுத்து, நோயைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் பயிற்றுவித்து, வேதனம் கொடுத்து, தம் தோழியரிடம் வீடு வீடாகச் செல்லும்படி அனுப்பினார். அன்று வரை வாழ்விலே ஒரு தொழிலுக்கும் உரியரல்லர் என்று கருதப்பட்டோர், சுகாதாரப் பணியாளர் என்ற தகுதியோடு வீதியிலே நடந்தனர்.

அவர்கள் கொண்டுவந்த செய்தியிலிருந்து வைத்தியரும் ஒன்றைக் கற்றுக்கொண்டார். ஆணுறையின் பயன் அப்பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனை வற்புறுத்தும் வலிமையே இல்லை. வேண்டாம் என்று வாடிக்கைக்காரன் சொன்னால், அவனை விடுத்து அடுத்தவனுக்காகக் காத்திருக்க அவளாலே முடியாது. ஏனெனில், அன்று மாலைக்குள் வீட்டு வாடகை கொடுக்க வேண்டும். வட்டிக்காரன் வாயிலில் நிற்பான். பொலிசானுக்குப் பங்கு வேண்டும். குழந்தைக்குப் பால் வேண்டும். ஆகவே நோயின் வேர் உடம்பில் மட்டுமன்று, கடனிலும் அச்சத்திலும் ஊன்றியிருந்தது.

இதனை உணர்ந்த பெண்கள் 1995 இல் 'துர்பார் மகிளா சமன்வய கமிட்டி' என்ற சங்கத்தை அமைத்தனர். அதே ஆண்டில் 'உஷா' என்னும் கூட்டுறவுச் சங்கத்தையும் நிறுவினர். அதனைப் பதிவு செய்யப் போனபோது ஒரு தடை எழுந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் நல்லொழுக்கமுடையவராதல் வேண்டும் என்பது விதி. அப்பெண்கள் பொய்த் தொழிலொன்றைக் கூறித் தப்பிக்க மறுத்தனர். தம் தொழிலை வெளிப்படையாகக் கூறியே வாதாடினர், பதிவும் பெற்றனர். அதன் பின் சேமிப்பு வந்தது; நியாய வட்டிக்குக் கடன் கிடைத்தது; 'இல்லை' என்று சொல்லும் துணிவும் வந்தது. 1992 இல் நூற்றுக்கு 3 அளவில் இருந்த ஆணுறைப் பயன்பாடு, அப்பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 80 க்கு மேல் உயர்ந்தது. மும்பாயிலே இத்தொழிலில் உள்ளோரிடையே கிருமி கடுகிப் பரவிய அதே ஆண்டுகளில், சோனாகாச்சியிலே அது பெரிதும் கட்டுக்குள் இருந்தது.

நேயர்களே, ஒரு நகரம் கதவைப் பூட்டியது. மற்றது கதவைத் தட்டி, உள்ளிருப்பவரின் யோசனையைக் கேட்டது. இவ்விரண்டினுள் எது நோயைத் தடுத்தது என்பதை நான் கூற வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உரிமை என்று பேசுவது இத்தொழிலை வளர்ப்பதாகாதா? ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட சிறுமியரின் கதி என்ன? நியாயமான கேள்வி. சிறாரை இதில் ஈடுபடுத்துவதும், எவரையும் வஞ்சித்தோ வலிந்தோ தள்ளுவதும் கொடிய குற்றங்கள், அவற்றிற்கு மன்னிப்பில்லை. ஆனால் அக்குற்றத்தை முதலிற் காணக்கூடியவர் யார்? அதே சந்தில் வாழும் பெண்களே. சோனாகாச்சியில் அப்பெண்கள் தாமே குழுக்கள் அமைத்து, புதிதாக வருவோர் சிறாரா, வலிந்து கொண்டுவரப்பட்டோரா என்று விசாரித்து, அத்தகையோரை மீட்க வழி செய்தனர். பொலிசைக் கண்டு ஓடி ஒளிய வேண்டிய ஒருத்தி, அதே பொலிசிடம் சென்று ஒரு சிறுமிக்காக எவ்வாறு முறையிடுவாள்?

கொல்கத்தாவிலே 1999 இல் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டாள். கொலையாளியின் மேன்முறையீடு 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றத்திலே தள்ளப்பட்டது. நீதிமன்றம் அதனோடு நிற்காமல், இப்பெண்களின் வாழ்வு பற்றிய பொதுநல விசாரணையாக அதனை மாற்றிற்று. 2022 மே மாதத்திலே, கண்ணியத்தோடு வாழும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்றும், பொலிசார் இவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்றும் பணித்தது. பெண்ணொருத்தியின் சாவு ஒரு நாட்டின் மனச்சான்றைத் தட்டுவதற்கு இத்தனை ஆண்டுகள் சென்றன.

இனி, நம் இலங்கையை நோக்குவோம். இலங்கையர் ஒருவரிடம் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1987 இல். அயல் நாடுகளோடு ஒப்பிடும்போது நம்மிடையே இந்நோய் குறைவே. ஆயினும் நம் சட்டப் புத்தகத்திலே, 1841 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இடம்பெற்றது. அதனைக் கொண்டு நெடுங்காலமாகப் பெண்கள் வீதியிலே பிடிக்கப்பட்டு நீதவான் முன் நிறுத்தப்பட்டு வந்திருக்கின்றனர். கைப்பையிலிருந்த ஆணுறையையே குற்றத்திற்குச் சான்றாகக் காட்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. சுகாதாரப் பகுதி ஒரு கையால் ஆணுறையைக் கொடுக்க, பொலிஸ் பகுதி மறு கையால் அதனைக் குற்றப் பொருளாக எடுப்பதாயின், அப்பெண் எந்தக் கையை நம்புவாள்?

நம்பிக்கையின் பயனை நாம் அறியாதவரல்லர். தாயிடமிருந்து குழந்தைக்கு இக்கிருமி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. அச்சாதனை எவ்வாறு கைகூடிற்று? மருத்துவ மாது ஒவ்வொரு கர்ப்பிணியின் இல்லத்திற்கும் சென்றாள். தாய்மார் அச்சமின்றிச் சிகிச்சை நிலையத்திற்கு வந்தனர், இரத்தம் சோதிக்கப்பட்டது, தேவைப்பட்டோருக்கு மருந்து கிடைத்தது. எந்தத் தாயும் அங்கே தன் ஒழுக்கத்திற்குச் சாட்சி கூறும்படி கேட்கப்படவில்லை. அதே வரவேற்பைத்தான் மற்றப் பெண்களுக்கும் வேண்டுகிறோம்.

இன்று மருந்துக்குக் குறைவில்லை. நாள்தோறும் மருந்துண்டு, இரத்தத்திலே கிருமி காணப்படாத அளவிற்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து, உடலுறவின் வழியாகப் பிறருக்குக் கிருமி பரவுவதில்லை என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. கிருமி தொற்றாமல் முன்கூட்டியே காக்கும் மாத்திரையும் உண்டு. எனினும், 2014 இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று மற்றொன்றையும் சுட்டிற்று. இத்தொழில் செய்வோரைக் குற்றவாளியராகக் கருதும் சட்டங்களை நீக்கினால், பத்தாண்டுகளிலே இவர்களிடையேயும் வாடிக்கைக்காரரிடையேயும் ஏற்படும் புதிய தொற்றுகளில் நூற்றுக்கு 33 முதல் 46 வரை தவிர்க்கலாம் என்பதே அதன் கணிப்பு. மருந்துக் குப்பியிலே இல்லாத மருந்தொன்று சட்டத்திலும் சமுதாயத்திலும் இருக்கின்றது என்பது இதன் பொருள்.

அம்மருந்தைச் சட்டம் இயற்றுவோர் மட்டும் தர இயலாது. சிகிச்சை நிலையத்திலே பெயரை உரக்கக் கூவாத எழுதுவினைஞர், முகஞ்சுளியாத தாதி, அப்பெண்ணின் பிள்ளையை ஒதுக்காத ஆசிரியர், வாடகைக்கு வீடு கொடுக்கும் அயலவர் ஆகிய யாவரும் அதனைத் தரவல்லவர். இவர்களுடைய தொழிலை நாம் ஏற்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நோயுற்றால் வைத்தியரிடமும், அடிபட்டால் நீதிமன்றத்திடமும் செல்வதற்கு நமக்குள்ள வழி அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே கேள்வி. அவ்வழியை அவர்களுக்கு அடைப்போமாயின், நோய் நம் இல்லங்களுக்கு வரும் வழியைத் திறந்துவைத்தவராவோம்.