சமூகப் பற்றும் இனவெறியும்





ஒருவர் தம் சமூகத்தை நேசிப்பது இனவெறியாகுமா என ஒரு ஸஹாபி வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை மறுத்தார்கள்; அநீதியில் தம் சமூகத்துக்குத் துணைநிற்பதே இனவெறி என விளக்கினார்கள். 'அஸபிய்யா' எனப்படுவது இதுவே. உலகின் பல நாடுகளில் இன்று தேசத்தின் பெயரால் அதிகாரத்தைக் குவிப்போர் மக்களிடம் வேண்டுவதும் இத்துணையையே.

இதனை விளங்கிக்கொள்ளத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. யாழ் குடாநாட்டின் மயிலிட்டியை நோக்குங்கள். பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகமான அவ்வூரின் தமிழ் மக்கள் 1990 ஜூனில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். அவர்களது நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகமும் அதனை அண்டிய ஒரு பகுதியும் 27 ஆண்டுகளின் பின்னர், 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டன.

அதே 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். ஒன்று தேசத்தின் பாதுகாப்பு என்ற பெயரால் நடந்தது. மற்றையது விடுதலையின் பெயரால் நடந்தது. வீடிழந்தோரின் கண்ணீரில் இன பேதம் உண்டா?

இவ்வெறிக்கு அடிபணியாதோரும் நம் மண்ணில் இருந்தனர். யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திரணகம, அரச படை, இந்தியப் படை, புலிகள் என எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவுசெய்தார். 1989 செப்டெம்பர் 21 இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2020 இல் கொவிட் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோது, பொரளை மயான வேலியில் பல சமயத்தவரும் வெள்ளைத் துணி கட்டினர். 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரையிலான பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் இணைந்து நடந்தனர். அம்மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

இளைஞர்களே! பிறர் நமக்கிழைத்த அநீதியைக் கண்டிப்பது எளிது. நம்மவர் பிறருக்கிழைக்கும் அநீதியைக் கண்டிப்பதிலேயே ஈமானின் உறுதி வெளிப்படும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறத் தூண்டலாகாது என்பது ஸூரா அல்-மாஇதாவின் போதனையன்றோ?

பெற்றோர்களே! வெளியேற்றத்தின் வரலாற்றை உங்கள் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மயிலிட்டியின் வரலாற்றையும் சேர்த்தே கூறுங்கள். முதலாவதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை பகையைச் சுமக்கும். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை நீதியைத் தேடும்.

நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.