கடலடியில் ஒரு தொழில்

(கடலோர ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உழவர்க்கு நிலம் எவ்வாறோ, அவ்வாறே மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் பலருக்குக் கடலின் அடித்தளம் வாழ்வளிப்பதாகும். கொற்கை முத்தின் பெருமையை உலகம் அறியும். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிப்போர் இன்றும் உளர். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்துக் குடும்பத்தைக் காத்து வருகின்றனர். இம்மக்களின் பிள்ளைகள் இன்று ஒரு கேள்வி கேட்கின்றனர்: காற்றுக் கலத்தை முதுகில் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறையைக் கற்றால், அதைக் கொண்டு பிழைக்க முடியுமா? முடியும் என்பதே என் விடை. ஆயினும், மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவருக்கு ஸ்கூபாவும் தெரியும் என்று எண்ணிவிடலாகாது. அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில், கடற்படை அதிகாரியான கூஸ்தோ என்பவரும் கான்யான் என்னும் பொறியாளரும் இக்கருவியைச் செம்மையாக அமைத்தனர். கலத்தில் இருப்பது பிராணவாயு என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. நாம் மூச்சு விடும் இதே காற்றைத்தான் தூய்மை செய்து, அழுத்தி அடைத்திருக்கின்றனர். எந்த ஆழத்தில் நிற்கிறோமோ அந்த ஆழத்து நீரின் அழுத்தத்திற்கு ஏற்றவாறு காற்றை அளந்து தருவதே கருவியின் வேலை.

இதில் நன்மையும் உண்டு, அபாயமும் உண்டு. கடலில் 10 மீட்டர் ஆழத்தில், கரையில் இருப்பதைப் போல் இருமடங்கு அழுத்தம் நம்மைச் சூழ்கிறது. மூச்சடக்கிச் செல்பவரின் நெஞ்சிலுள்ள காற்று அங்கே பாதியளவாகச் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவை அடையும். அவருக்குத் தீங்கில்லை. ஆனால், அதே ஆழத்தில் கருவி மூலம் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தவர், பழைய பழக்கப்படி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் என்ன ஆகும்? அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பாட்டன் கற்பித்தது மூச்சை அடக்குவது; ஸ்கூபாவின் முதல் விதியோ மூச்சை ஒருபோதும் அடக்காதிருப்பது.

இரண்டாம் அபாயம் இன்னும் நுட்பமானது. காற்றிலுள்ள நைட்ரஜன் என்னும் வாயு ஆழத்தில் குருதியிலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. சோடாப் புட்டியைச் சட்டெனத் திறந்தால் நுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். விரைந்து மேலே வருபவரின் உடலிலும் அவ்வாறே குமிழிகள் தோன்றுகின்றன. மூட்டு வலி, மரத்துப் போதல், கைகால் முடங்குதல், சில வேளைகளில் மரணம் ஆகியன இதன் விளைவுகள். ஆதலின் நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வருமாறு பயிற்றுவிக்கின்றனர்.

படகில் கம்ப்ரசர் இயந்திரத்தை வைத்து, நீண்ட குழாய் வழியே காற்றை இழுத்து மணிக்கணக்கில் சங்கு எடுக்கும் வழக்கம் நம் கரையில் உண்டு. இயந்திரத்தின் புகையும் எண்ணெயும் அக்குழாயில் கலக்கக்கூடும். எவ்வளவு நேரம் எவ்வளவு ஆழத்தில் இருந்தோம் என்ற கணக்கும் இல்லை. வலி கண்டவரை மீண்டும் கடலில் இறக்கிச் சரிசெய்ய முயல்வது மேலும் கேடு தரும். உடனே தூய பிராணவாயு கொடுத்து, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

இனிப் பிழைப்பு வழிகளைப் பார்ப்போம். முதலாவது, வழிகாட்டியும் பயிற்றுநரும் ஆவது. அந்தமான் தீவுகளிலும், லட்சத்தீவிலும், கர்நாடகத்து நேத்ராணித் தீவிலும், புதுச்சேரியிலும் இத்தொழில் நடைபெறுகிறது. பேடி என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் முறைப்படி, முதற் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை செல்லலாம். வழிகாட்டியாவதற்கு 18 வயதும், 60 முறை மூழ்கிய பதிவும் வேண்டும். பயிற்றுநராக 100 முறை மூழ்கியிருத்தல் வேண்டும். பிற மொழியறிவும் முதலுதவிப் பயிற்சியும் துணை செய்யும். ஆனால், பல இடங்களில் பருவமழைக் காலத்தில் வேலை நின்றுவிடும். வானத்தைப் பார்த்து வாழும் உழவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, துறைமுகம், கப்பலின் அடிப்பாகம், பாலத்தின் தூண், அணையின் மதகு ஆகியவற்றை நீருக்கடியில் ஆராய்ந்து பழுது பார்க்கும் வேலை. இதற்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் தேவை. சுற்றுலாச் சான்றிதழைக் காட்டி இவ்வேலையில் இறங்குவது, மாட்டுவண்டி ஓட்டத் தெரிந்ததைக் கொண்டு லாரி ஓட்டுவதை ஒக்கும். மூன்றாவது, கடல் ஆராய்ச்சிக்கும் பவளப்பாறைப் பாதுகாப்புக்கும் துணைபுரிவது.

இத்தொழில்கள் பலவற்றுக்கும் கடலின் வளமே முதலீடு. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பு, அதன்பின் நடைபெறவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடல் அட்டையும் பவளமும் 2001 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மூழ்கத் தெரிந்தவர் அவற்றை எடுக்கச் சென்றால் சிறை செல்ல நேரிடும். அவற்றைக் காக்கக் கற்றால் அந்த அறிவே அவருக்குச் சோறு போடும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை நான்கு. ஊரில் மூழ்கித் தொழில் செய்வோரின் பட்டியலைத் தயாரித்துக் கிராம சபையில் வையுங்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மீனவர் நல வாரியத்தில் தகுதியுள்ள அனைவரையும் சேர்த்துவிடுங்கள். காது, நுரையீரல், இதயம் ஆகியவற்றை மருத்துவரிடம் சோதித்த பின்னரே இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது, அதை அடையும் வழி எது என்பதை இன்றே விசாரித்து, படகுத்துறையில் எழுதி வையுங்கள்.

பெண் பிள்ளைகளையும் மறவாதீர்கள். பாசி எடுக்கும் தாயின் மகளுக்குக் கடலைப் பற்றிப் பிறர் சொல்லித் தர வேண்டியது குறைவு. அவளுக்குத் தேவை சான்றிதழும் சம வாய்ப்புமே.

நம் முன்னோர் துணிவை நமக்கு விட்டுச் சென்றனர். அதனுடன் கணக்கையும் சேர்ப்பது நம் கடமை. கடலுக்குச் சென்ற மகன் கைநிறையப் பொருளுடன், கைகால் நலத்துடன் வீடு திரும்ப வேண்டும் என்பதே எந்தத் தாயின் வேண்டுதலும். அதற்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.