வரப்பிலே பாம்பு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

(வனவிலங்குக் கல்வி ஸ்தாபனம் ஒன்றின் சார்பில் கிராமங்களிலும் பள்ளிகளிலும் வேலை செய்துவரும் ஊழியர் ஒருவர், விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது.)



கூலியைப் பற்றிப் பேசுகிற மேடையில் பாம்பைப் பற்றிப் பேச ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் இருக்கும் ஸ்தாபனம் வனவிலங்குகளைப் பற்றி வாலிபர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிற ஸ்தாபனம். எங்களிடம் இருப்பது சில படங்கள், ஒரு துணித் திரை, ஒரு டார்ச் விளக்கு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். இவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம். போகிற இடமெல்லாம் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "பாம்பை அடிக்காதே என்கிறீர்களே, எங்களை யார் காப்பாற்றுவது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் பாம்பின் பெருமையைப் பாடுகிறவருக்குக் கிராமத்தில் வேலையில்லை. பட்டணத்திலிருந்து காரில் வந்து, இயற்கையை நேசியுங்கள் என்று அரைமணி நேரம் உபதேசித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. இருட்டிய பிறகு வரப்பில் நடப்பது அவர்களல்லவே!

சாவது யார் என்று முதலில் பார்ப்போம். 2000 முதல் 2019 வரையிலான 20 வருஷங்களில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் 2020இல் கணக்குக் கொடுத்தார்கள். சராசரி வருஷத்துக்கு 58,000 பேர். வீடு வீடாகப் போய்ச் சாவுக்குக் காரணம் விசாரித்து எடுத்த கணக்கு இது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறியது இதில் சிறு பங்கே. பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை நேர்ந்தவை. மழை பெய்து வயலில் வேலை நடக்கிற மாதங்கள். பாதிப் பேர் 30 வயதுக்கும் 70க்கும் இடைப்பட்டவர்கள், குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர்கள். கால் பங்குக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். கிராமத்து ஏழையின் சாவு இது. உலக சுகாதார ஸ்தாபனம் இதைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்க்க 2017 வரை ஆயிற்று.

நம் பக்கத்தில் ஆளைக் கொல்லும் கடிகளில் பெரும்பாலானவை நாலே நாலு பாம்புகளின் கடிதான்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கடியைத் தவிர்க்கலாம்.

கண்ணாடி விரியன் ஓடாது. நெல் அடியிலே, வைக்கோலுக்கு உள்ளே, மண்ணோடு மண்ணாகச் சுருண்டு கிடக்கும். கிட்டே போனால் பிரஷர் குக்கர் மாதிரிச் சீறும். ஆனால் அறுப்பு மும்முரத்தில், பத்துப் பேர் அரிவாள் சத்தத்தில், அது யார் காதில் விழும்? குனிந்து தாளைப் பிடிக்கிற இடது கையிலும் வெறுங்காலிலும்தான் கடி. விஷம் ரத்தத்தை உறையவிடாது. பிறகு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிழைத்தவர்களிலும் பல பேர் பழையபடி வேலைக்குப் போக முடிவதில்லை. சுருட்டை விரியன் சின்னது, வறண்ட பூமியில் இருப்பது. விறகு பொறுக்கப் போகிறவர்கள் கல்லைப் புரட்டும்போது கவனம் வேண்டும்.

கட்டு விரியன் வேறு மாதிரி. பகலில் சாதுவாகத் தெரியும். ராத்திரி வீட்டுக்குள்ளே வரும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் கஷாயம் போடுவார்கள். அதற்குள் கண் இமை தொங்கும், நாக்குக் குழறும், மூச்சு திணறும். மில் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்து வெறுந்தரையில் சாய்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. கட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொசு வலையைப் போட்டு, ஓரத்தைப் பாயின் கீழ் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவுக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஆச்சு.

கடித்துவிட்டது. என்ன செய்வது? கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது; ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போனவர்கள் உண்டு. ஆளைப் படுக்க வைத்து, தைரியம் சொல்லி, மோதிரம், மெட்டி, அரைஞாண் கழற்றி, எலும்பு முறிந்த காலைப்போல் கடிபட்ட காலுக்கு ஒரு சிம்பு வைத்து அசையாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடக்கவிடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். அது வரத் தாமதமாகும் ஊராக இருந்தால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நாலு பாம்புக்கும் சேர்த்து மருந்து ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் பிடித்து 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு குப்பி மருந்து 10 மில்லி. முதல் தடவையிலேயே பத்துக் குப்பி வரை வேண்டியிருக்கும். குழந்தைக்கும் அதே அளவுதான். சின்னப் பிள்ளை என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொள்வதில்லை. ஒரு குப்பியைப் போட்டுவிட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றால், மரியாதையாக, ஆனால் பயப்படாமல், ஏன் என்று கேளுங்கள்.

இனி எங்கள் வேலையில் எனக்கு அதிக நம்பிக்கை தருகிற இடத்துக்கு வருகிறேன், அது பள்ளிக்கூடம். நாங்கள் அங்கே உயிருள்ள பாம்பைக் கொண்டுபோய் வித்தை காட்டுவதில்லை. ஒரு பையனைக் கடிபட்டவனாகப் படுக்க வைப்போம். மற்றப் பிள்ளைகள் அடிஸ்கேலையும் துண்டையும் வைத்துச் சிம்பு கட்டுவார்கள். ஒருத்தி ஊர் அடையாளத்தோடு 108க்குப் பேசிக் காட்டுவாள். "கோயிலுக்கு எதிர்த்தாற்போல்" என்று சொன்னால் எந்தக் கோயில் என்று வகுப்பே கேட்கும்! அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை வீட்டில் பாட்டிக்குப் பாடம் நடத்துகிறது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிற புகையைப் பார்க்க மரத்தில் ஏறி உட்காரும் என்று பாட்டி சொல்வாள். அதற்கு ஆளைக் கொல்லும் விஷமே இல்லை என்று பேத்தி சொல்வாள். சாரைதான் நல்ல பாம்பின் புருஷன் என்பாள் பாட்டி. இரண்டும் வேறு வேறு ஜாதிப் பாம்பு என்பாள் பேத்தி. நான் போய்ப் பத்து நாள் பேசினாலும் பாட்டி என்னிடம் தோற்கமாட்டாள். பேத்தியிடம் சந்தோஷமாகத் தோற்பாள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. வெறுங்கையால் பாம்பைத் தூக்கி, செல்போனில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது வீரமல்ல. தாயை அழவிடுகிற வேலை அது.

பாம்புக்குப் பால் வார்ப்பவர்களும் அடித்துக் கொல்பவர்களும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். இரண்டும் எங்களுக்குச் சம்மதமில்லை. பாம்பு எலியைத் தின்கிறது. எலி நெல்லைத் தின்கிறது. அதனால் பாம்பு இருப்பது விவசாயத்துக்கு நன்மை. உண்மைதான். ஆனால் தோழர்களே, மிஞ்சுகிற நெல் யார் குதிருக்குப் போகிறது? கடி யார் காலில் விழுகிறது? 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பைக் காக்கிறது. காக்கட்டும். அந்தப் பாதுகாப்பின் விலையைக் கூலிக்காரன் ஒருவனே தன் காலால் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வயல் சொந்தக்காரர் அரிவாள் வேலைக்குக் கூலி கொடுப்பதுபோல் பூட்ஸும் கொடுக்கட்டும். பஞ்சாயத்து, சேரித் தெருவுக்கு விளக்குப் போடட்டும். சர்க்கார், கிட்டே இருக்கிற ஆஸ்பத்திரியில் மருந்தையும் இரவு டாக்டரையும் வைக்கட்டும். இதையும் சேர்த்துப் பேசினால்தான் வனவிலங்குப் பிரசாரம் முழுமையாகும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். அந்த விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் நம் இருளர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். வனவிலங்குச் சட்டமும் 1976இல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து அந்தப் பிழைப்பு போயிற்று. சென்னைப் பாம்புப் பண்ணையை அமைத்த ராமுலஸ் விட்டேகரின் உதவியோடு, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இப்போது மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில், பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து, நாலு முறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்தச் சங்கத்து மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள். அதே இருளர் ஜனங்களில் எத்தனையோ குடும்பங்கள் அரிசி மில்களில் கடனுக்குக் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட கதையையும் நீங்கள் அறிவீர்கள். அவர்கள் எடுத்த விஷத்தில் செய்த மருந்துதான் ஆண்டையின் உயிரையும் காப்பாற்றுகிறது.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில், பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏற வேண்டும். கணக்கில் ஏறினால்தான் மருந்து எந்த ஊருக்கு எவ்வளவு என்பது தெரியும். மத்திய சர்க்கார் 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பதாக அதே வருஷம் திட்டம் வெளியிட்டது. திட்டம் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் கிளைச் சங்கம் இந்த வாரமே செய்யக் கூடியது ஒன்று உண்டு. இரண்டு பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்டு வாருங்கள். இரவில் வண்டி எடுக்கச் சம்மதிக்கிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் டீக்கடைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கொண்டுவந்த பூட்ஸ் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேற்றில் நடக்கக் கனக்கிறதா என்று போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். நடவுக்கு உதவாது, அறுப்புக்கும் வைக்கோல் கட்டவும் உதவும் என்று போன ஊரில் சொன்னார்கள். இப்போது விளக்கை அணைத்தால் திரையில் நாலு பாம்பின் படத்தைக் காட்டுகிறேன். பெயரை முதலில் பிள்ளைகள் சொல்லட்டும். பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.