சமையற்கட்டில் ஒரு துறவி

கடவுளுக்கே முதலிடம் என்பதைக் கிறிஸ்தவர் எவரும் மறுப்பதில்லை. மறுக்காமலேயே அவ்விடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடுகிறோம். விழித்தவுடன் அலுவலகக் கவலை. ஆலயத்தில் அமர்ந்திருக்கையில் வீட்டுக் கணக்கு. இந்நாளில் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. உலகைத் துறந்து மடம் புகுந்தால் இத்தொல்லை தீரும் என்று நேயர்கள் சிலர் எண்ணலாம். மடம் புகுந்த ஒருவரின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

லொரேன் நாட்டில் பிறந்த நிக்கோலா ஹெர்மான், முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயமுற்றவர், கால் ஊனமானவர். 1640-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் ஆனார். அவருக்குக் கிடைத்ததோ சமையற்கட்டு. இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை அது. ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவரப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, படகில் நடக்கமாட்டாமல் பீப்பாய்களின்மேல் உருண்டே சென்றாராம்!

ஜெபவேளை வேறு, வேலைவேளை வேறு என்று அவர் பிரிக்கவில்லை. பலர் ஒரே சமயத்தில் பலவற்றைக் கேட்டு நெருக்கும் அடுப்படியிலும் ஆண்டவரோடு மனத்துக்குள் உரையாடினார். சட்டியில் முட்டை அடையைப் புரட்டுவதையும், தரையில் கிடந்த துரும்பை எடுப்பதையும் அவர்பொருட்டே செய்தார்.

வேலையே வழிபாடு, தனியே ஜெபம் எதற்கு என்போர் இவரைச் சான்று காட்டுவதுண்டு. அது பொருந்தாது என்பது என் கருத்து. மடத்தின் ஜெபவேளைகளை அவர் தவறவிட்டவரல்லர். வேலை தொடங்குமுன் அருள் வேண்டினார். முடிந்தபின் அதைச் செய்த விதத்தைத் தாமே ஆராய்ந்தார்.

அவருடைய மனமும் அலைந்தது. இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதல் 10 ஆண்டுகள் மிகத் துன்புற்றதாக அவரே எழுதியிருக்கிறார். மனம் சிதறியது தெரிந்தவுடன் அவர் கலங்கி நிற்கவில்லை; அமைதியாக அதைத் திருப்பிக் கொணர்ந்தார். குற்றத்தை எண்ணி எண்ணி வாடுவதும் ஆண்டவரை விட்டுத் தன்னையே நினைப்பதன்றி வேறென்ன?

1691-இல் அவர் மறைந்தார். அவரோடு உரையாடியவற்றைக் குறித்துவைத்திருந்த ஜோசப் த போஃபோர் என்னும் குருவானவர் அவற்றையும் கடிதங்களையும் அச்சேற்றினார். கத்தோலிக்கர் அல்லாதாரும் அச்சிறு நூலை விரும்பிப் படித்து வருகின்றனர். அக்கடிதங்களுள் ஒன்று ஒரு போர்வீரனைப் பற்றியது. அணிவகுத்துச் செல்கையிலும், கையில் வாளேந்திய நிலையிலும், ஒரு கணம் உள்ளத்தை ஆண்டவர்பால் உயர்த்தினால் போதும் என்கிறார். சிப்பாயாக இருந்தவர் எழுதியது அது. அணிவகுப்பின் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அவர் அறிவார்.