மூல வைகைக்காரன் பேச்சு



நான் வருசநாட்டுக்காரன். வைகை பிறக்கிற மலைக்கு அடிவாரம் எங்கள் ஊர். 2007-இல் இங்கே சேர்ந்த முதல் வாரம் ஏ.வி. பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். மணல், ஆகாயத்தாமரை, சாக்கடைத் தண்ணி. கூட வந்த மதுரை நண்பன், "உங்க ஊரு ஆத்தை நல்லாப் பாத்துக்கடா" என்றான். "நாங்க நல்ல தண்ணியாத்தான்பா அனுப்புனோம்" என்றேன். ரொம்பச் சரியான பதில் என்று அன்று நினைப்பு.

அவன் தாத்தா ஹார்வி மில் தொழிலாளி. 1892-இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்லைத்தான் மதுரைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். பிறகு கருமுத்து தியாகராசரின் மீனாட்சி மில் வந்தது. ஆலைச் சங்கை வைத்து மணி பார்த்த ஊர் இது. இன்று அந்தச் சங்குச் சத்தம் ஏறக்குறைய அடங்கிவிட்டது. ஆனாலும் ஆறு தெளியவில்லை. பந்தல்குடி வாய்க்கால் ஓரமாக ஒரு நாள் நடந்து பாருங்கள், காரணம் தெரியும். அதில் வருவது நம்ம வீட்டுக் கழிவுதான்.

சரி, நாங்கள் அனுப்பிய தண்ணீருக்கு வருவோம். 1895-இல் பென்னிகுயிக் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்து வைகையில் சேருகிறது. 1959-இல் கட்டிய வைகை அணையில் 71 அடி வரை தேக்கலாம். அதில் பெரும் பங்கு பெரியாற்றுத் தண்ணீர். வருசநாட்டிலிருந்து வரும் மூல வைகை, மழை பெய்தால் ஓடும். கோடையில் வெறும் மணல். நண்பனிடம் நான் சொன்னது பாதிப் பொய்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மலைச்சரிவில் காட்டைத் திருத்தி இலவ மரம் வைத்தவர். இலவம் பஞ்சு மில்லுக்கு ஆகாது, வழுவழுப்பு, நூல் நிற்காது; மெத்தைக்கும் தலையணைக்கும்தான் போகும். அதை விற்ற காசில்தான் எனக்கு இங்கே பீஸ் கட்டினார். காடு இருந்தால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கி, மாதக்கணக்கில் ஊறி வரும். சரிவு வெறிச்சென்று ஆனால் இரண்டு நாளில் வெள்ளமாக ஓடிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்தக் கல்லூரிதான்!

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. "மரத்தை விட்டுட்டு எங்கப்பா போறது?" என்கிறார் அப்பா. பொறியாளன் என்று பெயர், என்னிடம் பதில் இல்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் மழைமானியோடு எங்கள் ஊருக்கு வாருங்கள். காடு உள்ள ஓடை ஒன்று, இலவந்தோப்பு ஓடை ஒன்று, ஒரு வருஷம் அளந்து பாருங்கள். ஐப்பசியில் தொடங்கினால் நல்லது. தங்க எங்கள் வீடு இருக்கிறது. அப்பாவிடமும் பேசலாம், கோபப்பட மாட்டார்.