ஒரு யூனிட் மின்சாரம் வீட்டில் எங்கே போகிறது

ஆயிரம் வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட். நூறு வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். மீட்டர் பார்ப்பவை இரண்டே: எத்தனை வாட், எத்தனை மணி நேரம். வீட்டு மின்சாரச் சிக்கனம் முழுவதும் இந்தப் பெருக்கல் கணக்குக்குள் அடங்கும். அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது நல்ல பழக்கம். அது தொடர வேண்டும். ஆனால் ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கை அணைத்த மனநிறைவோடு, இரண்டாயிரம் வாட் கீசரை மறந்துவிடுகிற வீடுகள்தான் ஏராளம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் போவது கொஞ்சம். சூடாக்குவதிலும், குளிர வைப்பதிலும், நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பவற்றிலும் போவதுதான் மிகுதி.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட் ஒரு முக்கியமான எல்லை. அதைத் தாண்டும் வீட்டுக்குத் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை; 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சலுகை வீதம் போய்விடுகிறது. 490-இல் நிற்கும் வீட்டுக்கும் 510-க்குப் போன வீட்டுக்கும் பில்லில் உள்ள இடைவெளி இருபது யூனிட்டின் விலையைவிடப் பெரியதாக இருப்பது இதனால்தான். எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் சின்னச் சிக்கனத்துக்கும் பெரிய பலன் உண்டு.

பணம் மட்டுமே கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரி எரியும் அனல்மின் நிலையத்தில், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதி வெப்பமாகவே காற்றிலும் தண்ணீரிலும் கலக்கிறது. ஆகவே வீட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட், உலையில் மூன்று யூனிட்டுக்குச் சமமான நிலக்கரியை மிச்சம் பிடிக்கிறது. இந்திய நிலக்கரியில் சாம்பலும் அதிகம். எண்ணூர்ப் பகுதியில் சாம்பல் குழம்பு கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. இறாலையும் மீனையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பு அதில் சிக்கியது. ஊரின் ஒரு மூலையில் காரணமில்லாமல் ஓடும் ஏசிக்கான விலையில் ஒரு பகுதியை இன்னொரு மூலையில் வலை வீசுகிறவர் கட்டுகிறார். சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாமைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வீட்டில் அதிக நேரம் ஓடும் கருவிகளில் ஒன்று மின்விசிறி. பழைய வகை சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு ஃபேன் ஓடும் வீட்டில் இலவச 100 யூனிட்டும் இதிலேயே கரைந்துவிடும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய மின்விசிறிகள் ஏறத்தாழ அதே காற்றை 30 வாட் அளவில் தருகின்றன. பழைய மோட்டாரில் சுழலும் பகுதியிலும் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தப்புலம் உண்டாக்க வேண்டும். அங்கே சக்தி வெப்பமாக வீணாகும். ஓடிய ஃபேனின் நடுப்பகுதி சுடுவது அதனால். புதியதில் நிலைக்காந்தம் இருப்பதால் அந்த இழப்பு இல்லை. ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். விலை கொஞ்சம் கூடுதல்தான். அதிக நேரம் ஓடும் கூடத்து ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் முதலில் மாற்றினால் போதும், விருந்தினர் அறை காத்திருக்கலாம். பெட்டி போலிருக்கும் பழைய ரெகுலேட்டரையும் கழற்றிவிட வேண்டும். அது வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாகவே எரிக்கிறது.

விளக்குகளில் பெரும்பாலான வீடுகள் வெற்றி பெற்றுவிட்டன. மஞ்சள் குண்டு பல்பு, எடுத்த மின்சாரத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கை மட்டுமே வெளிச்சமாக்கியது, மற்றதெல்லாம் சூடு. நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே இந்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி, எல்.இ.டி. பல்புகளைக் குறைந்த விலையில் கோடிக்கணக்கில் விற்றது. பழைய சோக் பொருத்திய டியூப்லைட் எங்காவது மிச்சமிருந்தால் அதை மாற்றிவிட்டால் இந்தப் பிரிவு முடிந்தது.

குளிர்ச்சிக்குத்தான் இன்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசர் முழுத் திறனில் ஓடும்போது ஒன்றரை கிலோவாட் வரை இழுக்கும். அது இருபது பழைய ஃபேன்களுக்குச் சமம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வர வேண்டும் என்ற விதியும் உண்டு. 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வதைவிட, 26-இல் வைத்து ஃபேனை மெல்ல ஓடவிட்டால் உடம்புக்கும் இதம், மீட்டருக்கும் இதம். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான எண்ணம். சாதாரண ஏசியின் கம்ப்ரசர் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுவது ஒன்றே வேறுபாடு.

ஏசியைப் பற்றிப் பேசுமுன் மொட்டைமாடியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் சூட்டை உறிஞ்சிவைத்து, ஆட்கள் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்குகிறது. ஏசி போராடுவது வெளிக்காற்றோடு மட்டுமல்ல, இந்தக் கூரையோடும்தான். பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டு, தட்டோடு பதித்து முடித்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் உயர்ந்த கூரையும் முற்றமும் சூடான காற்றை மேலே போகவிட்டன. இன்றைய கான்கிரீட் வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளை வண்ணமோ பூசினால் கூரை வாங்கும் சூடு வெகுவாகக் குறையும். வெள்ளைத் தட்டோடு நீண்ட காலம் நிற்கும். மேற்குச் சுவரில்தான் மாலை வெயில் நேராக அடிக்கிறது. அங்கே சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுவது, உள்ளே திரை போடுவதைவிடப் பலன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் முழுதும் திருப்பியனுப்ப முடியாது. இடமிருந்தால் மேற்கே ஒரு வேப்பமரம் வைக்கலாம். பத்து ஆண்டு பொறுத்தால் அதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

ஃப்ரிட்ஜ் ஆண்டு முழுதும் அணையாமல் ஓடும் கருவி. வாங்கும்போது நட்சத்திரத்தோடு நிறுத்திவிடாமல், அதே ஒட்டுத்தாளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி வைக்காமல் சூடு வெளியேற இடம் விட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கதவின் ரப்பர் பட்டைக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால், எளிதாக வந்துவிடும் இடத்தில் குளிர்ச்சி கசிகிறது என்று அறியலாம். கொதிக்கும் சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால் அந்தச் சூட்டையெல்லாம் கம்ப்ரசர்தான் வெளியேற்ற வேண்டும்.

தண்ணீரைச் சூடாக்குவது எவ்வளவு கனமான வேலை என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.3 யூனிட் ஆகும். அதே மின்சாரத்தில் ஒன்பது வாட் விளக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் எரியும். சமவெளியில் ஆண்டில் பெரும்பாலான நாள்களில் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த நாள்களில் கீசர் தேவையே இல்லை. தேவைப்படும் வீட்டில் குளிக்கப் போகுமுன் போட்டு, உடனே அணைப்பது போதும். சூரிய வெப்பத்தில் நீர் சூடாக்கும் கலன் மாடியில் இருந்தால் இந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கணக்கு: தினம் ஒரு சட்டைக்காகச் சூடேற்றுவதைவிட, ஒரு வாரத் துணியை ஒரே தடவையில் தேய்த்து முடிப்பது நல்லது.

அடுப்படியில் சிக்கனம் பாட்டிமார் கைப்பழக்கத்திலேயே இருந்தது. பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைப்பது, பாத்திரத்தை மூடிவைப்பது, கொதி வந்ததும் தணலைக் குறைப்பது ஆகிய மூன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் ஏறாது. கொதித்தபின் பெரிய தீயில் வைத்தால் ஆவிதான் அதிகமாகும். பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். நேரம் குறைவது அதனால். முதல் விசில் வந்ததும் சிறு தீக்கு மாற்றுவதே சரி. சுடர் பாத்திரத்தின் ஓரத்தைத் தாண்டி எரிந்தால் அவ்வளவும் வீண். மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் வேறு வேறு என்று எண்ணுவது பெரும்பிழை. சென்னை இதற்குச் சரியான சான்று. 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியிலும், 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலைகள் வந்தன. 2024-இல் நெம்மேலியில் பதினைந்து கோடி லிட்டர் திறனில் இன்னொன்று சேர்ந்தது. கடல்நீரை மிக அதிக அழுத்தத்தில் நுண்சவ்வு வழியாகத் தள்ள வேண்டியிருப்பதால், ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் ஆகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற பொது அளவில், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 32,000 லிட்டருக்கு மேல் வேண்டும். அது முழுதும் கடல்நீரிலிருந்து வந்தால் அதற்கு மட்டும் குறைந்தது சுமார் 100 யூனிட். வீட்டு மீட்டரில் பதியாத இந்த மின்சாரம் இலவச யூனிட்டுகளின் அளவுக்கே வந்து நிற்கிறது. கையை நனைத்துவிட்டுக் குழாயை மூடாமல் சோப்புப் போடுவதும், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதும் மின்சாரத்தை வீணாக்குவதே.

ஆழ்குழாய்க் கிணற்றிலும் இதே கதை. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் அதே தொட்டியை நிரப்பக் கூடுதல் நேரம் ஓடும். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது பல இடங்களில் கிணறுகள் ஊறின. இருபது ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் அந்தக் குழிகள் மண்ணும் சருகுமாக அடைத்துக் கிடக்கின்றன. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நகரம் மறக்கக் கூடாது. ஆடி, ஆவணியில் மாடியைக் கூட்டி, குழியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போட ஒரு நாள் வேலை போதும். ஐப்பசி மழை இறங்கிய நிலத்தில் மோட்டார் ஓடும் நேரம் குறைகிறது.

அணைத்ததாக எண்ணும் கருவிகளும் உண்டு. செட்டாப் பாக்ஸ் போன்ற ஒன்று பத்து வாட் மட்டுமே எடுத்தாலும், இரவும் பகலும் சேர்த்து இரண்டு மாதத்தில் பதினான்கு யூனிட்டைத் தாண்டும். ரிமோட்டோடு நிற்காமல் சுவர் சுவிட்சை அணைத்தால் போதும்.

மின்சாரம் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் வைகாசி முதல் புரட்டாசி வரை நன்றாகச் சுழல்கின்றன. சூரியன் மறைந்த பின் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான் நெருக்கடி. விளக்கும் டிவியும் ஏசியும் ஒன்றாகச் சேரும் அந்த நேரத்துக்காகவே அனல் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து அதிக விலைக்கும் வாங்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரி, மின்வண்டிக்கு சார்ஜ் ஆகியவற்றை முடிந்தவரை பகலுக்கு மாற்றினால் யூனிட் குறையாவிட்டாலும் நிலக்கரி குறையும்.

மாடியில் சூரியத் தகடு வைப்பது கடைசிப் படி. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். நூறு சதுர அடி நிழல்படாத இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழிக்கும் வீடு, இலவச 100 யூனிட் போக மீதியை இருக்கிற நிலையிலேயே ஈடுகட்ட நினைத்தால் இரண்டு கிலோவாட் வாங்க வேண்டும். ஃபேன், கீசர், கூரை, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் சரிசெய்து 300 யூனிட்டுக்கு இறக்கிய வீட்டுக்கு, அதே 100 யூனிட் போக ஒரு கிலோவாட் போதும். தகட்டின் மேல் படியும் தூசியும் பறவை எச்சமும் விளைச்சலைக் குறைக்கும். மழையில்லா மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை காலை வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்.