மாங்காய் போன கடல்வழி



யாருடைய நினைவைப் போற்றி இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடைபெறுகிறதோ, அந்த ஆசிரியர் தம் வகுப்பில் ஓர் எழுத்து விளையாட்டு நடத்துவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவார். அதே எழுத்துகளை இடம் மாற்றி இன்னொரு சொல் சொல்லச் சொல்வார். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் 'மேங்கோ'. எம், ஏ, என், ஜி, ஓ என்ற ஐந்தெழுத்தையும் கலைத்துப் போட்டால் 'இடையே' என்று பொருள்படும் 'அமங்' கிடைக்கும்.

எழுத்து ஐந்தும் ஒன்றுதான், பிறப்பு வேறு. 'அமங்' இங்கிலாந்து மண்ணிலேயே விளைந்த சொல். கூட்டம், கலப்பு என்ற பொருளுடைய ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் முன்னே 'ஆன்' என்ற இடைச்சொல் ஒட்டி, நாளடைவில் தேய்ந்து இந்த வடிவத்துக்கு வந்தது. 'மேங்கோ' கப்பலேறிப் போன சொல். அது ஏறிய கரை நம்முடைய கரைக்கு அடுத்த கரை. சொல் நம் வீட்டுச் சொல்.

மரத்தின் பெயர் மா. அதன் காய் மாகாய் அல்ல, மாங்காய். மரப்பெயரின் பின் வல்லெழுத்து வரும்போது அதற்கு இனமான மெல்லெழுத்து இடையில் தோன்றும் என்பது நன்னூல் சொல்லும் புணர்ச்சி விதி. விளங்காய் அப்படித்தான் வந்தது. அந்த ங் வந்ததும் அடுத்த ககரத்தை நாம் மெலித்து ஒலிக்கிறோம். இறுதி யகரம் பேச்சில் நிற்பதில்லை. சந்தையில் யாரும் 'மாங்காய்' என்று முழுதாகச் சொல்வதில்லை, 'மாங்கா' என்றுதான் கேட்கிறோம். ஆக, இன்று உலகமெங்கும் பழக்கடைப் பலகைகளில் இருக்கும் அந்த என், ஜி என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு தமிழ்ப் புணர்ச்சி விதியின் அச்சு. பள்ளியில் நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி அது. எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் சொல்லாராய்ச்சி முடிவு வேறில்லை.

வாஸ்கோ ட காமா 1498இல் வந்திறங்கியது கோழிக்கோட்டுக்கு அருகே. 1510இல் ரோமில் அச்சான லுடோவிகோ வார்தேமாவின் பயண நூல், கோழிக்கோட்டைப் பேசும் இடத்தில் இந்தப் பழத்தைச் சொல்லி 'மங்கா' என்ற பெயரையும் குறித்திருக்கிறது. மலையாளத்தில் அது 'மாங்ங'. போர்த்துகீசியர் 'மங்கா' என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து 1580களில் ஆங்கில எழுத்துக்குள் நுழைந்தது. லின்னேயஸ் 1753இல் மரத்துக்கு 'மாங்கிஃபெரா இண்டிகா' என்று பெயரிட்டபோது, மாங்காய் தாங்கும் இந்திய மரம் என்ற பொருளில் நம் சொல் லத்தீன் உடை உடுத்திக்கொண்டது.

இது மலாய்ச் சொல் என்று சொல்வாரும் இருந்தார்கள். அதற்கு விடை சொன்ன நூல் 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். நூல் அச்சாகி வருவதற்குள், 1882இலேயே இறந்துவிட்டார். மூலம் தமிழ்தான், பழமும் பெயரும் சேர்ந்தே தென்னிந்தியாவிலிருந்து மலாய்த் தீவுகளுக்குப் போயின என்கிறது அந்த அகராதி. சான்றுக்கு அம்போன் தீவில் வாழ்ந்த தாவர அறிஞர் ரம்ஃபியஸை அழைக்கிறது. அங்கே மக்கள் 'மங்கா' என்றும் சொல்கிறார்கள், 'மாபெலாம்' என்றும் சொல்கிறார்கள் என்று அவர் எழுதிவைத்தார். இந்த இரண்டாம் பெயரைச் சற்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாம்பழம்! இன்றும் மலாயில் 'மங்கா', 'மெம்பெலம்' இரண்டும் உண்டு. காய்க்கும் பழத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த ஊரிலிருந்து இரண்டு பெயருமே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மாணவர்களுக்கு இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டாதீர்கள். போர்த்துகீசிய மொழியில் சட்டைக் கைக்கும் 'மங்கா' என்றுதான் பெயர். அது லத்தீனிலிருந்து வந்தது. ஜப்பானியப் படக்கதைக்கும் 'மங்கா' என்றே பெயர். அது அவர்கள் மொழியின் சொல். பணத்தைக் குறிக்கும் ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'தான் என்று மேடைதோறும் கேட்கிறோம். பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்தது அந்தக் 'கேஷ்'. காசு வழியாகப் போனது இன்னொரு 'கேஷ்'. கிழக்கு நாடுகளின் சிறுநாணயத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய சொல் அது. வழித்தடம் காட்ட முடிந்த சொல்லை மட்டும் நம்முடையது என்போம். தமிழுக்கு இரவல் பெருமை தேவையில்லை.

பொருளுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இன்று மேங்கோ என்றால் பழம். காயைச் சொல்ல 'பச்சை' என்று அடைமொழி சேர்க்க வேண்டும். ஆனால் இங்கிலாந்துக்கு முதலில் போனது காய்தான். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் போகும் பாய்மரக் கப்பலில் பழம் தாங்காது. உப்புநீரில் ஊறிய காய் தாங்கும். சாதாரண ஆங்கிலக் குடும்பத்துக்கு மேங்கோ என்றால் ஊறுகாய் என்றே அறிமுகம். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. எனவே உள்ளூர்க் காயை அதேபோல் ஊறப்போட்டு அதையும் மேங்கோ என்றார்கள்.

ஜான் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட 'அசிடேரியா' என்ற நூலில் வெள்ளரிக்காய் மேங்கோவுக்குச் செய்முறை இருக்கிறது. மாங்காய் அளவுள்ள பெரிய பச்சை வெள்ளரியாகப் பார்த்து எடுக்க வேண்டும். மேலோ பக்கவாட்டிலோ கீறி, விதையைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பல் பூண்டு வைக்க வேண்டும். வெள்ளைத் திராட்சை வினிகரில் மிளகு, கிராம்பு, ஜாதிபத்திரி போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கி உப்புச் சேர்த்து, சுடச்சுட ஜாடியில் ஊற்றி மூட வேண்டும். ஆறியபின் நல்ல கடுகு ஒரு கரண்டி. மிளகாய் இல்லை, நல்லெண்ணெய் இல்லை. ஆனாலும் காயைக் கீறி உள்ளே அடைத்து, கடுகு போட்டு ஜாடியில் மூடும் அந்தக் கையில் நம் ஊர்ப் பாட்டிமார்களின் கைப்பழக்கம் தெரிகிறதா இல்லையா?

முலாம்பழமும் பீச்சும்கூட இப்படி மேங்கோ ஆயின. ஊறுகாய் போடுவதற்கே 'மேங்கோ' என்பது வினைச்சொல் ஆயிற்று. குடியேறிகளோடு அந்தப் பழக்கம் அட்லாண்டிக்கைத் தாண்டியது. அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா, பென்சில்வேனியா பகுதிகளில் குடைமிளகாயைக் குடைந்து, முட்டைக்கோஸ் அடைத்து, வினிகரில் ஊறவைத்தார்கள். அடைத்த காய்க்கு இருந்த பெயர் வெறும் காய்க்கும் நிலைத்தது. அந்த வட்டாரத்து முதியவர்களில் சிலர் காய்கறிக் கடையில் மேங்கோ என்று கேட்டால், இன்றும் அவர்கள் கேட்பது குடைமிளகாயைத்தான்.